நைனா முகம்மதின் பசி

“பசிக்காம நோன்பு வைக்கறது சுலபம்தானே பாய்? ஊரே பொறாமைப்படும்.”

அமலி ஆறாவது முட்டையை உரித்துக்கொண்டே கேட்டாள். இரண்டு வேளை நீச்சல் பயிற்சிக்குப் பின் சொந்தப் பசியில் அவளுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. பெரிய போட்டிக்குப் போகிற எல்லோரையும் போல அவளும் இன்னொருவருடைய பசியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். கொடுத்தவர் நீச்சல்குளத்தின் காவலாளி நைனா முகம்மது. நம்ம ஊர்ப் பொண்ணு ஜெயிக்கட்டும் என்று அவராகவே முன்வந்து கொடுத்தார்.

“சுலபம்தாம்மா. அதான் கஷ்டமா இருக்கு. முகத்துல வாட்டமே இல்லன்னு பள்ளிவாசல்ல மெச்சுறாங்க. எனக்குக் கூசுது.”

“என் கதையக் கேளுங்க. சாயங்காலம் பாங்கு சொன்னதும் உங்க பசி என் வயித்தக் கிள்ளுது. நோன்பு வைக்கறது நீங்களா நானான்னே தெரியல.”

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டு, சட்டென்று அடங்கினார்.

“வியாழக்கிழமை இருபத்தேழாம் நோன்பு. மாசத்துலயே ரொம்ப விசேஷமானது.”

“அன்னைக்குத்தான் பாய் ஃபைனல். உங்க பசி இல்லாம எப்படிச் சாப்பிட்டு நீந்துவேன்?”

“தெரியும்மா.” மேசையில் சிதறிய முட்டை ஓடுகளை அவர் உள்ளங்கையில் கூட்டி எடுத்தார். “அந்த ஒரு நாள் மட்டும் என் பசிய எனக்குத் தர்றியா?”