வெயில் நாளில் மட்டும் பறக்கிற விமானம்

விமானத்தின் மூக்கில் இருந்த குழியில் கேப்டனின் மனைவி, எங்கள் அண்ணி, விரலை வைத்தார்.

கேப்டன் என்னைப் பார்த்தார். நான் சக்கரத்தைப் பார்த்தேன்.

அது ஆலங்கட்டி அடித்த குழி. மெக்கானிக்கான நான் மூன்று நாள் பட்டி வைத்துத் தேய்த்து பதினேழு குழிகளை மறைத்திருந்தேன். இது ஒன்று மட்டும் எனக்கு டிமிக்கி கொடுத்துவிட்டது.

பறவை மோதியது என்றார் கேப்டன். பாவம் பறவை என்றார் அண்ணி.

புயல் மேகத்துக்குள் புகுந்து, காற்றையும் ஈரத்தையும் அளந்துகொண்டு வெளியே வருவதுதான் எங்கள் விமானத்தின் பிழைப்பு. மற்ற பைலட்டுகள் கண்டதும் சுற்றிக்கொண்டு ஓடுகிற மேகத்தை எங்கள் கேப்டன் தேடிக்கொண்டு போவார். ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் அண்ணிக்கு மட்டும் தெரியாது.

கல்யாணத்துக்கு முன்பே அண்ணி கறாராகச் சொல்லிவிட்டாராம். என்றைக்கு மேகத்துக்குள் போகிறீர்களோ அன்றைக்கே வேலையை விட்டுவிட வேண்டும். நாங்கள் வெயில் நாளில் மட்டும் பறக்கிறவர்கள் என்று இவரும் கூசாமல் சொல்லிவிட்டார். அந்தப் பொய்க்கு ஒட்டுப் போட்டுப் போட்டே பத்தொன்பது வருடம் ஓட்டினார். மழை நாளில் தோளில் பெல்ட் அழுத்திய தடத்தோடு வீட்டுக்குப் போனால், ஆபீஸ் அலமாரி இடித்துவிட்டது என்பார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. விமானம் ஓட்டுவதைத் தவிர அவருக்கு உருப்படியாக ஒரு வேலையும் தெரியாது. வீட்டில் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார்களாம்.

அதனால், குடும்பத்தினர் வந்து விமானத்தைப் பார்க்கலாம் என்று நிர்வாகம் அறிவித்ததும் மனிதர் முதலில் என்னிடம்தான் ஓடி வந்தார். ஒவ்வொருவராகப் பிடித்துக் கெஞ்சினார். வாலில் வரைந்திருந்த மின்னலின் மேல் நான் ஒரு சூரியனை ஒட்டினேன். எங்களோடு பறந்து அளவெடுக்கிற விஞ்ஞானி அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. அவரை வாயே திறக்க வேண்டாம், சிரித்தால் போதும் என்று கேட்டுக்கொண்டோம். அவர் காலையிலிருந்து பல் டாக்டரிடம் வந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டே நின்றார்.

விமானத்துக்குள் ஏறினோம். ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு காகிதப் பை இருந்தது. வாந்தி எடுப்பதற்கு வைத்தது. இது எதற்கு என்று அண்ணி கேட்டார்.

சாப்பாட்டுக்கு என்று கேப்டன் முந்திக்கொண்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை, திசைதான் வேறு.

அடுத்ததாக, தோளுக்கும் இடுப்புக்குமாக இருந்த ஐந்து பட்டை பெல்ட்டைத் தூக்கிப் பார்த்தார். விஞ்ஞானிகள் தூங்கி விழுந்துவிடுவார்கள் அண்ணி என்று நான் அள்ளிவிட்டேன். விஞ்ஞானி அம்மா சிரிப்பு மாறாமல் என்னை முறைத்தார்.

அண்ணி எதையும் மறுத்துக் கேட்கவில்லை. சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். இவ்வளவு வெள்ளந்தியான மனுஷியை ஏமாற்றுகிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒருவழியாகப் படி இறங்கி வெளியே வந்தோம். கேப்டனுக்குப் போன உயிர் திரும்பியிருந்தது. அண்ணி என்னிடம், எல்லாம் நன்றாக இருந்தது, உங்களுக்குத்தான் வீண் சிரமம் என்று சொல்லி விடைபெற்றுக்கொண்டிருந்தார்.

அப்போது ரேடியோ அறையிலிருந்து ஆபரேட்டர் டீ கோப்பையோடு வெளியே வந்தார். பறக்கும்போது எங்கள் விமானத்தோடு பேசுகிறவர் அவர்தான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வருடம் முழுக்க அறைக்குள்ளேயே கிடப்பவர். அவரிடம் சொல்லிவைக்க எல்லோருமே மறந்துபோயிருந்தோம்.

அண்ணியின் குரல் காதில் விழுந்ததும் அவர் அப்படியே நின்றார். பிறகு முகமெல்லாம் பல்லாக எங்களிடம் வந்தார். நான் கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“வானிலை ஆபீஸ் மேடம்தானே? குரலை வச்சே கண்டுபிடிச்சிட்டேன். கேப்டன், பத்தொன்பது வருஷமா நீங்க பறக்கிற அன்னைக்கெல்லாம் இவங்க போன் பண்ணுவாங்க. நீங்க மேகத்துக்குள்ள போயிட்டா, வெளியே வர்ற வரைக்கும் போனை வைக்கவே மாட்டாங்க.”

விஞ்ஞானி அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கேப்டன் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணி வானிலை ஆபீஸ் வாசலைக்கூட மிதித்தவர் இல்லை.

அண்ணி கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு கேப்டனைப் பார்த்தார். கோபம் இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

“போன செவ்வாக்கிழமை பதினாலு நிமிஷம் உள்ளேயே இருந்தீங்க. அவ்வளவு நேரமெல்லாம் என்னால தாங்க முடியாது. இனிமே பத்து நிமிஷத்துல வெளியே வந்துடுங்க.”

“சரிங்க மேடம்,” என்றார் கேப்டன்.