கடைசிப் பக்கத்துச் சொல்

ஒரு பழைய அகராதியின் கடைசிப் பக்கத்தில், கடைசிச் சொல்லாகக் குடியிருந்தது ‘வௌவு’. பறித்துக்கொள் என்று அதற்குப் பொருள். ஒரு காலத்தில் அரசர்கள் அதைக் கொண்டுதான் கோட்டைகளைப் பிடித்தார்கள்; காதலர்கள் அதைக் கொண்டுதான் மனதைக் கவர்ந்தார்கள். பிறகு அடுத்தவன் பொருளை அபகரிக்க மட்டும் கூப்பிட்டார்கள். பிறகு அதற்கும் கூப்பிடவில்லை.

பக்கத்தைப் புத்தகத்தோடு பிணைத்திருந்த தையல் இற்றுப்போய், ஒரே ஓர் இழைதான் மிச்சமிருந்தது.

“அந்த இழையை எட்டிப் பிடியேன் அண்ணே. பிடிக்கிறதுதானே உன் தொழிலே?” என்றது மேல் வரியில் இருந்த ‘வௌவால்’.

“யாராவது என்னை வாயால சொன்னாத்தான் தம்பி எனக்குக் கையே முளைக்கும்.”

“எனக்குக் கவலையில்லை. சாயங்காலம் ஆலமரத்தை அண்ணாந்து பார்க்கிற எவனும் என்னைச் சொல்லிடுவான். உன்னை நினைச்சாத்தான்…”

மின்விசிறிக் காற்றில் இழை அறுந்தது. தரையில் விழுந்த பக்கத்தை எடுத்த நூலகர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரிவரை விரலை ஓட்டினார். அவர் உதடு மெல்லக் குவிந்தது. வௌவு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

அருகில் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்த காவலாளி, எண்ணெய்க் கையைத் துடைக்க அந்தத் தாளை அவரிடமிருந்து வெடுக்கென்று பிடுங்கினான்.

அந்தப் பிடியை வௌவுக்கு நன்றாகத் தெரியும். அது தன்னுடையதேதான். “என்னைத்தானே ஐயா செய்கிறாய், ஒரு தடவை சொல்லிவிடேன்!” என்று அது கதறியது.

காவலாளியின் வாய் நிறைய பஜ்ஜி இருந்தது.