கூட்டாமல், குறைக்காமல்

“இதை என்னால எழுத முடியாதுண்ணே. மதுரைக்குக் கொண்டு போங்க.”

செபாஸ்தியம்மாள் அந்த இரண்டு தாள்களையும் மேசைமேல் தள்ளி வைத்தார். பொன்ராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டியை அப்படியே போட்டுவிட்டு, இன்றைக்கு இரண்டாவது தடவையாகத் திண்டுக்கல் வந்திருக்கிறார். ரஷ்ய மொழியை இங்கிலீஷில் எழுதித் தர இந்த வட்டாரத்தில் செபாஸ்தியம்மாளை விட்டால் ஆள் கிடையாது. இளவயதில் அங்கேயே போய்ப் படித்தவர். டாக்டருக்குப் படிக்க ரஷ்யா போகிற நம் பக்கத்துப் பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் அவர் கை பட்டுத்தான் போகும்.

“காலையில வாங்கி வச்சுக்கிட்டு, சாயங்காலம் வாங்கன்னு சொன்னது நீங்கதானுங்களே?”

“சொன்னேன். உக்காந்து எழுதியும் பார்த்தேன். ஏலலை.”

“ஏனுங்கம்மா, ரெண்டே பக்கம். எம் பையன் படிப்பே இதுலதானுங்க இருக்குது.”

அது உண்மைதான். மகன் அருண்பாண்டி ரஷ்யாவில் டாக்டருக்கு நாலாம் வருஷம். குடிகாரர்கள் மூன்று பேர் ரோட்டில் ஒரு முதல் வருஷப் பையனைப் போட்டு அடிக்க, இவன் ஓடிப்போய்த் தூக்கியிருக்கிறான். சண்டையை ஆரம்பித்ததே இவன்தான் என்று அவர்கள் புகார் கொடுத்துவிட்டார்கள். காலேஜை விட்டே அனுப்பப் போகிறார்களாம். நடந்ததைப் பார்த்தது கூடப் படிக்கிற ஒரே ஒரு பையன். அவன் ரஷ்யனில் எழுதிக் கொடுத்த சாட்சிதான் இந்த இரண்டு தாள்கள். இங்கிலீஷில் மாற்றி, மனுவோடு சேர்த்துத் திங்கட்கிழமைக்குள் டெல்லியில் வெளியுறவுத் துறைக்கு அனுப்ப வேண்டும்.

“சாட்சி சொன்னா உன்ற படிப்பும் போயிரும்னு அந்தப் பையனை மிரட்டினாங்களாமா. அவனே பயப்படாம எழுதிக் குடுத்திருக்கறானுங்க. பதட்டத்துல நான் அவன் பேரைக்கூடக் கேக்கலை. நீங்க இதை மாத்தி எழுதறதுக்கே யோசிக்கறீங்க.”

செபாஸ்தியம்மாள் தள்ளி வைத்த தாள்களை மறுபடி இழுத்து நேராக்கி வைத்தார்.

“அந்தப் பையனுக்கு அடி கிடி பட்டிருக்கா? உங்க மகன் ஏதும் சொன்னானா?”

“கையில கட்டுப் போட்டிருக்குதாமா. வேற ஒண்ணுமில்லைங்க.”

மேசைக்கடியில் கசக்கிப் போட்ட தாள்கள் ஏழெட்டுக் கிடந்தன. பொன்ராஜ் கண்ணில் அது பட்டுவிட்டது.

“இத்தனை தடவை எழுதியிருக்கீங்க. அப்புறமென்னங்க?”

“மூணு சொல்லு இடிக்குதுண்ணே. விழுந்தவனைத் தாங்கிப் பிடிக்கிறதுக்கு ஒரு சொல்லு எழுதியிருக்கான் அந்தப் பையன். குறுக்க நின்னு அடியை வாங்குறதுக்கு ஒண்ணு. ஆளில்லாதவனுக்காகப் போய்ப் பேசுறதுக்கு ஒண்ணு. இங்கிலீஷ்ல ‘சப்போர்ட்’னு போட்டா, தூர நின்னு வேடிக்கை பார்த்த மாதிரி ஆயிருது. ‘டிஃபெண்ட்’னு போட்டா, அவனும் கை ஓங்கின மாதிரி படிக்கலாம்.”

“பெருசாவே ஒண்ணைப் போட்டு விடுங்க. நமக்கு நல்லதுதானுங்களே.”

“இல்லண்ணே. எனக்கு இன்னைக்குக் கை நிலையா இல்லை. ஒரு தாள்ல சொல்லு பெருசா விழுது, அடுத்த தாள்ல சின்னதா விழுது. இப்படி இருக்கிற ஆளு இதை எழுதக் கூடாது.”

மதுரையில் முகமது யாசின் என்பவரின் விலாசத்தை எழுதி நீட்டினார். பொன்ராஜ் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“ஆபத்துக்கு உதவாத படிப்பு என்னங்க படிப்பு? மூணு சொல்லு எழுத வக்கில்லை, திமிரு மட்டும் மூட்டை மூட்டையா இருக்குது” என்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்லித் தீர்த்தார். கேட்டவர்களும் ஆமாம் போட்டார்கள். அடுத்தவரைத் திட்டும்போது ஆமாம் போட நமக்கு என்ன கஷ்டம்?

மறுநாள் காலை மதுரை. முகமது யாசின் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார். பெரிய சொல்லும் போடவில்லை, சின்ன சொல்லும் போடவில்லை. அருண்பாண்டி தாங்கிப் பிடித்தான், நான் குறுக்கே நின்றேன், அவனுக்காகப் போய்ப் பேசினேன் என்று நடந்ததை நடந்தபடியே நீட்டி எழுதியிருந்தார். படித்துச் சொல்லக் கேட்டதும் பொன்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. மகன் அடிக்கப் போகவில்லை, தூக்கத்தான் போனான் என்று ஊர் உலகத்துக்கே தெரிந்துவிடும்.

“நீங்க நல்லா இருக்கோணும் பாய். அந்தம்மா என்னை ஒரு நாள் பூராவும் அலைய விட்டுட்டாங்க.”

யாசின் அடியில் இன்னும் ஒரு வரி டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தார்.

“இது என்னங்க?”

“இதுல பேரு வர்ற யாரும் எனக்குச் சொந்தம் இல்லைன்னு உறுதி குடுக்கிறது. இந்த ஒரு வரி இல்லாட்டி உங்க மகனுக்கு இந்தச் சாட்சி உதவாதுண்ணே. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். அந்தம்மாவால போட முடியாது.”

“ஏனுங்க?”

யாசின் தாள்களை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

“நேத்துச் சாயங்காலமே எனக்குப் போன் பண்ணிட்டாங்க. ‘சாட்சி சொன்னது என் மகன் ஆனந்த்ராஜ், பாய். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை, இதைப் படிச்சுத்தான் எனக்கே தெரியும். கூட்டியும் எழுதாதீங்க, குறைச்சும் எழுதாதீங்க. அவன் செஞ்சதை உள்ளபடி எழுதுங்க, அதுவே எனக்கு மலையளவு பெருமை’ன்னு சொன்னாங்க.”