பசியில்லை, தூக்கமில்லை

நர்சிங் படிக்கிறவன் காதல் கவிதை எழுதவே கூடாது.

‘இதயம்’ என்று எழுதினால், எடை முந்நூறு கிராம் என்று பாடப்புத்தகம் ஞாபகத்துக்கு வருகிறது. ‘உள்ளம்’ என்றால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ‘நெஞ்சு’ என்று முடிவு செய்தேன்.

எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்துவிட்டது! வகுப்பு முடியும்வரை பொறுக்கக்கூடாதா? முன்பெஞ்சில் இருந்த அவளிடம் மடித்து நீட்டிவிட்டேன்.

அவள் பிரிக்கவும் மேடம் திரும்பவும் சரியாக இருந்தது.

“என்னம்மா அது? எழுந்து நின்னு சத்தமா படி.”

எனக்கு உயிரே போய்விட்டது. போன மாதம் இப்படி மாட்டினவனை எல்லாரும் கிண்டல் பண்ணிப் பண்ணியே துரத்திவிட்டார்கள். பாவம், படிப்பையே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அவள் எழுந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ஒரு நோயாளியோட குறிப்பு மேடம். ஆண். வயசு இருபது. தூக்கமில்லை. பசியில்லை. நெஞ்சு படபடப்பு. நாக்கு வறட்சி.”

அடிப்பாவி! நான் பொறுக்கிப் பொறுக்கிப் போட்ட ‘கண்ணே’ எங்கே? ‘உன்னைப் பார்த்த நாளிலிருந்து’ எங்கே? எல்லாவற்றையும் முழுங்கிவிட்டாளே!

“நல்ல கேஸ்” என்றார் மேடம். “என்னவா இருக்கும்? சொல்லுங்க.”

“தைராய்டு மேடம்!”

“ரத்தசோகை!”

“வயித்துல பூச்சி மேடம். ஒரு மாத்திரை குடுத்தா சரியாயிடும்.”

என் கவிதைக்குப் பூச்சி மாத்திரை! மேடம் அதையும் மதித்துப் போர்டில் வேறு எழுதினார்.

இந்த மரமண்டைக்காகவா உருகி உருகி எழுதினேன்? கவிதைக்கும் கேஸுக்கும் வித்தியாசம் தெரியாதவளைத் தேடிப் பிடித்துக் காதலித்த என்னைத்தான் சொல்ல வேண்டும்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனதும், நேரே அவள் முன்னால் போய் நின்றேன்.

“அது கேஸ் இல்ல, கவிதை! இதுகூடவா உனக்குப் புரியல?”

அவள் அந்தக் காகிதத்தை நாலாக மடித்து, தன் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

“எனக்குப் புரிஞ்சுது. அவங்களுக்கும் புரிஞ்சிருந்தா, நாளைக்கு நீ வகுப்புக்கு வந்திருப்பியா?”