பன்னிரண்டாம் எலியின் ஈரல்

மருந்துச் சோதனையில் செத்த எலிகளுக்கு எங்கள் தேஜோன் நகர ஆய்வகத்தில் இலையுதிர்காலத்தில் அஞ்சலி நடக்கும். வெள்ளைச் செவ்வந்தி வைத்து, தட்டில் தீவனமும் ஆப்பிளும் படைப்போம். இம்முறை பன்னிரண்டாம் எலியின் ஈரல் ஸ்லைடையும் யாரும் பார்க்காமல் தட்டோரம் வைத்து எடுத்தேன். அது என் கையில் ஆப்பிள் தின்ற எலி.

மறுநாள் டாக்டர் மா யங்-சின் அதை நுண்ணோக்கியில் பார்த்தார்.

"ஸ்லைடு மாறிடுச்சா? போன வாரம் இந்த ரத்தக்குழாயச் சுத்தி எல்லா செல்லும் செத்துக் கிடந்துச்சே."

"இல்ல டாக்டர், லேபிள்ல என் கையெழுத்துதான்."

நானும் குனிந்து பார்த்தேன். மருந்து அழித்த இடத்தில் புதிய செல்கள் வந்திருந்தன. ஃபார்மலினில் ஊறி, சாயமேறி, கண்ணாடிக்குள் ஒட்டப்பட்ட துண்டு அது.

"நீ ஆப்பிள் ஊட்டிக் கெடுத்தியே, அந்தச் செல்லமா?"

தலையாட்டினேன். "ரிப்போர்ட்ல என்ன எழுதட்டும்?"

"போன வாரம் பார்த்ததையே எழுது." அவர் விளக்கை அணைத்தார். "புண்ணு பாதிதான் ஆறியிருக்கு. வெளிச்சம் பட்டா தூங்காது, விடு."

அடுத்த நாள் காலை ஸ்லைடுப் பெட்டியைத் திறந்தேன். மற்ற ஸ்லைடுகள் சில்லென்று இருந்தன. பன்னிரண்டாவது மட்டும் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

என் ஆப்பிளில் ஒரு துண்டு நறுக்கி, அதன் பக்கத்தில் வைத்துப் பெட்டியை மூடினேன்.