ஞாயிற்றுக்கிழமைச் சால்னா

பிரமநாயகத்தின் நாக்கில் தட்டுப்பட்டது பட்டையும் இல்லை, கிராம்பும் இல்லை. எலும்பு. பரம்பரையில் யாரும் தொட்டறியாத பொருள்தான்; ஆனாலும் நாக்குக்கு அது தெரிந்துவிட்டது. சட்டென்று கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, சுவரிலிருந்த ‘சுத்த சைவம்’ பலகையைப் பார்த்தார். ஊரில் ஒரு சைவ ஓட்டல் விடாமல் ருசி பார்த்தவர் அவர். இந்தச் சால்னாவுக்கு ஈடே கிடையாது என்று சொல்லி, ஞாயிறு தவறாமல் மனைவி கோமதியை இங்கேதான் பரோட்டா சாப்பிடக் கூட்டிவருகிறார். அவளோ, முன்பு ஒரு கடையில் பக்கத்து மேசைக்காரர் ஆம்லெட் கேட்டதற்கே இலையை மூடிவிட்டு எழுந்து போனவள். இப்போது துப்பினால் பார்த்துவிடுவாள். பார்த்தால் இங்கேயே குமட்டுவாள், வீட்டுக்குப் போய்த் தலைமுழுகுவாள், ஆயுசுக்கும் அவரோடு வெளியே சாப்பிட வரமாட்டாள். விழுங்கவும் மனசு வரவில்லை. அதற்குள் நாக்கு, அவரைக் கேட்காமலே, எலும்பை ஒருமுறை உறிஞ்சிவிட்டது.

“அண்ணாச்சி, சால்னா எப்படி இருக்கு?” வாளியோடு வந்து நின்றார் சப்ளையர்.

வாயைத் திறக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

“அக்கா, நீங்களாவது சொல்லுங்க.”

சாப்பிடும்போது ஓயாமல் பேசுகிற கோமதி, கொஞ்ச நேரமாகவே பேசவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பயந்துகொண்டே நிமிர்ந்தார். கோமதி உதடுகளை இறுக மூடியிருந்தாள். ஒரு கன்னம் லேசாகப் புடைத்திருந்தது. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எடுக்காமலே, இன்னும் ஊற்றும்படி விரலால் தன் இலையைத் தொட்டுச் சப்ளையருக்குக் காட்டினாள்.