போட்டுப் பார்க்கும் பென்சில்

"அதைத் தொடாதீங்க மேடம்!"

கடைப் பெண் சொன்னதோடு நிற்கவில்லை. கண்டக்டரம்மாவின் கையிலிருந்த மைப் பென்சிலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

கண்டக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. காலை ஷிப்ட் முடிந்து, போட்டிருந்த காக்கிச் சட்டையோடு நேராக இந்த அழகுசாதனக் கடைக்கு வந்திருந்தாள். மறுநாள் பள்ளித் தோழிகள் எல்லோரும் ஒன்றுகூடுகிறார்கள். பல வருஷம் கழித்து ஒருநாளாவது கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும் என்று ஓர் ஆசை.

"ஏன், தொட்டா என்ன? போட்டுப் பார்க்கத்தானே வெளியே வச்சிருக்கீங்க?"

"இது வேண்டாம் மேடம். சீல் பிரிக்காத புதுசு தர்றேன். நிறம் பார்க்கணும்னா என் கையில ஒரு கோடு போட்டுக் காட்டறேன்."

"என் கண்ணு உன் கையிலயா இருக்கு?"

பக்கத்தில் லிப்ஸ்டிக் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கடைப் பெண் சிரிக்கவில்லை. பென்சிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

கண்டக்டரம்மாவுக்கு எப்போதுமே கோபம் மூக்கு நுனியில். இப்போது அதற்குக் காரணமும் இருந்தது. சற்று முன்னால்தான் கூலிங் கிளாஸ் போட்ட ஒரு சீமாட்டி, இதே கண்ணாடி முன்னால் இவளுக்கு முதுகைக் காட்டி நின்று, இதே பென்சிலால் மளமளவென்று தீட்டிக்கொண்டு போனாள். அப்போது இந்தப் பெண் பக்கத்தில் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தம்மா போட்டப்ப வாயே திறக்கலையே நீ?"

"நான் பார்க்கிறதுக்குள்ள போட்டுட்டாங்க மேடம்."

"அவங்க போட்டா அழகு, நான் தொட்டா அழுக்கா? என் சட்டையைப் பார்த்துட்டுத்தானே பேசறே?"

"சத்தியமா இல்லை மேடம்" என்றவள், மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்து, மேனேஜர் அறைப் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட் வரைக்கும் கேட்கிற குரல் கண்டக்டரம்மாவுடையது. கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் ஓடி வந்தார். கஸ்டமரிடம் குழைவது, வேலை செய்பவர்களிடம் விறைப்பது, இரண்டுமே அவருக்குக் கைவந்த கலை.

"என்ன மேடம், என்ன ஆச்சு?"

"காரில் வர்றவங்களுக்கு ஒரு நியாயம், பஸ்ஸில் வர்றவங்களுக்கு ஒரு நியாயமா சார் உங்க கடையில?"

நடந்ததை அவள் பொரிந்து தள்ளினாள். மேனேஜர் கடைப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"சார், அந்தப் பென்சில்..."

"வாயை மூடு. முதல்ல மேடம்கிட்ட மன்னிப்புக் கேளு."

கேட்டாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

மேனேஜர் பென்சிலை வாங்கி, முனையை ஒரு டிஷ்யூவால் ஒப்புக்குத் துடைத்து நீட்டினார். "தாராளமா போட்டுப் பாருங்க மேடம்."

கண்டக்டரம்மா தீட்டினாள். முதலில் வலது கண், அப்புறம் இடது கண். அவசரமே படவில்லை. கடைப் பெண் மறுபடி வாயெடுத்தாள். மேனேஜர் ஒரு முறை முறைத்தார், அடங்கிவிட்டாள்.

மை எடுப்பாகத்தான் இருந்தது. ஜெயித்துவிட்ட திருப்தி வேறு. சீல் பிரிக்காத பென்சில் ஒன்றை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் ஒரு வார்த்தையையும் போட்டுவைத்தாள்.

"இந்த மாதிரி ஆளை வச்சிருந்தா உங்க கடைக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க சார்."

"இன்னியோட அனுப்பிடறேன் மேடம்."

"சார், இந்த வேலையை நம்பித்தான் எங்க வீடே இருக்கு" என்று கெஞ்சினாள் அந்தப் பெண். மேனேஜர் காதில் வாங்கவில்லை.

கண்டக்டரம்மா இவ்வளவு தூரம் எதிர்பார்க்கவில்லை. மனசுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. 'அந்தத் திமிருக்கு வேணும்' என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

பஸ் வருவதற்குள் அதே பெண் வேகமாக வந்தாள். கடையின் யூனிஃபார்ம் இல்லை. தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று கண்டக்டரம்மா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

"என்ன, இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

அவள் பாட்டிலை நீட்டினாள்.

"அக்கா, முதல்ல கையைக் கழுவிட்டு, கண்ணுல இருக்கிற மையைக் கழுவிடுங்க. கசக்காதீங்க. கண்ணு உறுத்த ஆரம்பிச்சா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. நீங்க துடைக்கிற துண்டை வீட்ல வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க."

"ஏன்? என்ன சொல்றே நீ?"

"உங்களுக்கு முன்னாடி போட்டாங்களே, அவங்க கூலிங் கிளாஸைக் கழட்டினப்பதான் பார்த்தேன். ரெண்டு கண்ணும் ரத்தமா செவந்து, ஓரமெல்லாம் பீளை. தடுக்கறதுக்குள்ள தீட்டிட்டாங்க. அந்தப் பென்சிலைத் தூக்கிப் போடலாம்னு திரும்பினா, அது உங்க கையில இருக்கு."

கண்டக்டரம்மாவின் கை தானாகக் கண்ணை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

"அடிப்பாவி! இதை அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"கஸ்டமர்கிட்ட இந்த மாதிரி நோய் சமாச்சாரம் பத்தி மூச்சு விட்டா வேலை போயிடும்னு மேனேஜர் முன்னாடியே சொல்லியிருந்தாரு அக்கா" என்றாள் அந்தப் பெண், பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே. "இப்பதான் போயிடுச்சே. இனிமே சொல்லலாம்."